தோட்டத்துக் கல்லும் நாமும்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இப்போது பெங்களூர் நகரத்தைத் தாண்டி மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேகூர், சர்ஜாபூர், கெங்கேரி, ஆனேக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் நம்மவர் ஒருவர் வீட்டுக் கிருகப்பிரவேசப் பத்திரிகை கைக்கு வருகிறது. சந்தோஷமான விஷயம். அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போதும், சம்ப் எடுக்கும்போதும், தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போதும் கடப்பாரை ‘டங்’கென்று கல்லில் படுவது இந்த ஊரில் சகஜம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது வெறும் பாறைதான். எப்போதாவது ஒரு தடவை, மண்ணைத் தள்ளிப் பார்த்தால், ஒரு மனித உருவமோ, சூரிய சந்திரர் வடிவமோ, வரிசையாக எழுத்து மாதிரி ஏதோ ஒன்றோ தெரியும். அப்போது நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது பற்றி என் கருத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் தொல்லியல் படித்தவன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், பாலம், மண் வேலை என்றே காலத்தைக் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களையும் ஏரிக்கரைகளையும் சுற்றி வருவது பொழுதுபோக்காகிவிட்டது. ஆகவே இது ஒரு நிபுணரின் கட்டுரை அல்ல. கல்லோடும் மண்ணோடும் புழங்கிய ஒருவனின் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

இந்தத் துறையில் நிபுணர் அல்லாதவர்களின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அடிக்கல் நாட்டிய ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியலாளர். 1863ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அவர் கண்டெடுத்த கற்கருவிதான் தொடக்கம். மைசூர் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்து ‘எபிகிராஃபியா கர்னாடிகா’ என்ற பெயரில் வெளியிட்ட பி.எல். ரைஸ், கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிறந்தது இதே பெங்களூரில், 1837இல். தமிழ் பிராமி எழுத்துகளையும் சிந்துவெளிக் குறியீடுகளையும் ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், பிறகு தினமணிக்கு ஆசிரியராக இருந்ததையும் நம்மில் பலர் அறிவோம். கீழடியை எடுத்துக்கொண்டால், அங்கே 1970களிலேயே கிணறு வெட்டியபோது வெளிவந்த பழம்பொருள்களைக் கவனித்து, அதிகாரிகளுக்குத் தெரிவித்தவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். மத்தியத் தொல்லியல் துறை அங்கே தென்னந்தோப்புக்குள் குழி வெட்டி அகழாய்வு தொடங்கியது 2014–15இல்தான். நடுவில் நாற்பது வருஷம்! அந்த ஆசிரியர் அன்று ‘நமக்கென்ன’ என்று இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

தோட்டத்தில் கிடைத்த கல் என்று சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது செம்பியன்கண்டியூர். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள கிராமம். அங்கேயும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டினார். வழவழப்பாகத் தேய்த்த இரண்டு கற்கோடரிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் நான்கு குறிகள் கீறப்பட்டிருந்தன. அவர் அதை ஷோகேஸில் வைத்துக்கொள்ளவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த நண்பரிடம் கொடுத்தார். அவர் மூலமாக அது மாநிலத் தொல்லியல் துறைக்குப் போனது. 2006இல் ஐராவதம் மகாதேவன் அந்தக் குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்றும், முதல் இரண்டும் முருகன் என்ற பெயரைக் குறிக்கின்றன என்றும் கருத்துத் தெரிவித்தார். கல் தென்னாட்டுக் கல், ஆகவே வடக்கிலிருந்து வந்த பொருள் அல்ல என்பதும் அவர் வாதம். தமிழ்நாட்டுத் தொல்லியலில் ஒரு நூற்றாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே என்றும் அவர் மதிப்பிட்டார்.

நமக்கெல்லாம் கேட்கவே இனிப்பாக இருக்கிறது. ஆனால் எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவை சிந்துவெளி எழுத்துகள்தானா, வேறு கீறல்களா என்றே கேட்டவர்கள் உண்டு. இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் கவனிப்பது வேறொரு விஷயம். அந்தக் கல் செடி வைக்க வெட்டிய குழியிலிருந்து வந்தது. மண்ணின் எந்த அடுக்கில் இருந்தது, பக்கத்தில் பானை ஓடு இருந்ததா, கரி இருந்ததா என்பதற்கெல்லாம் முறையான பதிவு எடுக்க அப்போது அங்கே யாரும் இல்லை. அது யாருடைய குற்றமும் அல்ல. வாழைக்கன்று வைக்கிறவர் அடுக்கு அடுக்காக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பதிவு இருந்திருந்தால் வாதத்தில் பாதி அன்றைக்கே தீர்ந்திருக்கும். நல்ல வேளையாக, ஆசிரியர் கல்லைக் கொடுத்ததோடு கிடைத்த இடத்தையும் காட்டினார். 2008இல் தொல்லியல் துறை அந்த ஊரில் அகழாய்வும் நடத்தியது.

இதை எங்கள் ரயில்வே பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். ஒரு வண்டி தடம் புரண்டால் எங்கள் ஆட்கள் போய் முதலில் செய்வது என்ன? பெட்டியைத் தூக்குவதா? உயிர் காக்கும் வேலை முடிந்ததும், சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடம் எது, கீழே விழுந்த இடம் எது என்று குறிப்போம். கிலோமீட்டர் எண், கம்பத்தின் எண் எல்லாம் எழுதுவோம். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஸ்லீப்பராக நின்று கேஜ் எவ்வளவு, மட்டம் எவ்வளவு என்று அளப்போம். ஒரு போல்ட் கழன்று கிடந்தால்கூட அது கிடந்த இடத்தைக் குறிக்காமல் எடுக்க மாட்டோம். அந்த போல்ட்டை யாராவது நல்ல மனதோடு எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டால் முடிந்தது. பிறகு அது வெறும் இரும்பு. எங்கே கிடந்தது என்பதில்தான் காரணமே இருக்கிறது. பூமிக்குள் கிடைக்கும் கல்லும் அப்படித்தான். கல் பாதிச் செய்தி. அது கிடந்த ஆழமும் திசையும் பக்கத்துணையும் மீதிப் பாதி.

ரயில்வேக்காரனாக இருந்துகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஹரப்பாவின் கதை வாசகர்கள் அறிந்ததே. லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டபோது அந்த மேட்டிலிருந்த சுட்ட செங்கற்களைத்தான் வண்டி வண்டியாக எடுத்துப் பாதைக்கு ஜல்லியாகப் போட்டார்கள். ஏறக்குறைய நூறு மைல் பாதைக்கு அந்தச் செங்கல் போதுமானதாக இருந்தது என்று அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதி வைத்தார். 1875இல் அவர் அங்கே கிடைத்த ஒரு முத்திரையின் படத்தையும் வெளியிட்டார். அது என்ன எழுத்து என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 1921இல் அங்கே அகழாய்வு தொடங்கி, 1924இல் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்த பிறகுதான் ஒரு நாகரிகத்தையே ஜல்லியாக உடைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. அந்தப் பாதையைப் போட்ட என்ஜினியர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு ஜல்லி வேண்டியிருந்தது, செங்கல் இருந்தது. இன்று நமக்கும் சம்ப் வேண்டியிருக்கிறது, மேஸ்திரிக்கு நேரம் இல்லை. ஒரே வித்தியாசம், அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். தோட்டத்தில் கிடைக்கும் கோடு போட்ட கல்லெல்லாம் கல்வெட்டு ஆகிவிடாது. சிந்துவெளி எழுத்தைப் படித்து நிரூபிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதிலிருந்து என்னைப் பார்க்கிற நண்பர்கள் சிலர் செல்போனில் ஏதாவது ஒரு கல்லின் படத்தைக் காட்டி, ‘சார், இது சிந்துவெளியா?’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கல் ஓரத்தில் இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் வரிசையாகக் குழிகள் இருந்தால், அது பெரும்பாலும் பாறையைப் பிளக்கக் கல்தச்சர் ஆப்பு அடித்த குழி. பெங்களூர் சுற்று வட்டாரத்தில் கருங்கல் வேலை தலைமுறை தலைமுறையாக நடப்பதால் அது எங்கும் உண்டு. நடுவில் வட்டக் குழி என்றால் உரலாகவோ ஆட்டுக்கல்லாகவோ இருக்கலாம். அம்பு முனை மாதிரி ஒரு குறியும் மேலே ஒரு படுக்கைக் கோடும் இருந்தால் அது சர்வே இலாகா வைத்த மட்டக் குறி. நீண்ட பட்டையான கல்லில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால் எல்லைக் கல். ரயில்வே நிலத்தின் ஓரத்தில் நாங்களே எத்தனையோ நட்டிருக்கிறோம். இவை தவிர, தண்ணீரும் வெயிலும் வேரும் கல்லில் போடும் கோலங்கள் வேறு.

உண்மையான பழங்கல்லுக்குச் சில அடையாளங்கள் உண்டு. நடுகல் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்காகச் செதுக்கியிருப்பார்கள். அடியில் வீரன் வில்லோ வாளோ ஏந்திப் போர் செய்வான். நடுவில் தேவ மாதர் அவனை மேலே அழைத்துச் செல்வார்கள். உச்சியில் லிங்கத்தின் முன் அமர்ந்திருப்பான். கன்னடத்தில் இதை வீரகல்லு என்பார்கள். ஒரு தூணிலிருந்து முழங்கை மடங்கி, வளையல் அணிந்த கை உயர்ந்து நின்றால் அது உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு வைத்த கல். சூரியனும் சந்திரனும் மேலே இருந்து கீழே வரிகள் ஓடினால் நிலக்கொடையாக இருக்கலாம். சூரிய சந்திரர் உள்ளவரை இந்தத் தர்மம் நிற்கும் என்பது அதன் பொருள். திரிசூலம் மட்டும் இருந்தால் சிவன் கோயில் நிலத்தின் எல்லை, சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலத்தின் எல்லை. இந்த அளவு தெரிந்திருந்தால் போதும். படிப்பது நம் வேலை அல்ல. அடையாளம் கண்டு நிறுத்துவதுதான் நம் வேலை.

சென்ற வருஷம் நண்பர் ஒருவர் மனையில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகரின் கிழக்குப் பக்கம் வீடு கட்டினார். மழைநீர் சேகரிக்கும் குழிக்குத் தோண்டியபோது நாலரை அடி நீளத்தில் ஒரு பலகைக் கல் குப்புறக் கிடந்தது. புரட்டினால் உருவம். மேஸ்திரி, ‘நல்ல கல்லு சார், பின்பக்கம் துவைக்கப் போட்டுக்கலாம்’ என்றார். நண்பரின் மனைவி அது ஏதோ ஊர்க் காவல் தெய்வம் என்று பயந்து மஞ்சள் குங்குமம் கொண்டு வரப் போனார். பக்கத்து மனைக்காரர், ‘வெளியே சொல்லாதீங்க, கவர்ன்மென்ட் வந்து மனையையே எடுத்துக்கும்’ என்று காதில் ஓதினார். பையன், கல்லைச் சரியாகக் கழுவுவதற்கு முன்பே, ‘எங்கள் வீட்டில் ஆயிரம் வருஷத் தமிழ்க் கல்வெட்டு’ என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டான்.

மறுநாள் நான் டேப்பும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு போனேன். இருட்டியதும் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த செதுக்கலும் நிழலில் எழுந்து வரும். வில் ஏந்திய ஒருவன், அவனுக்கு எதிரே இரண்டு பேர், பின்னால் மாடுகள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மூன்று வரி. பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்குப் படம் அனுப்பினோம். எழுத்து பழைய கன்னடம், ஒரு பெயரின் கடைசி எழுத்துகளும் மாடுகளை மீட்டான் என்ற பொருளில் ஒரு சொல்லும் தவிர வேறு ஒன்றும் தேறாது என்று பதில் வந்தது. பையனின் முகம் தொங்கிப்போயிற்று. ‘தமிழ் இல்லையா அங்கிள்?’ என்றான். அவனுக்கு அந்தக் கல்லின் மேல் இருந்த ஆசை பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

ஏன் தமிழாக இருக்க வேண்டும்? இந்த ஊரில் தமிழ்க் கல்வெட்டு இல்லாமல் இல்லை. தொம்பலூர் என்று பழங்காலத்தில் பெயர் பெற்ற தொம்மலூரில், சொக்கநாதர் கோயில் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளை யாரும் போய்ப் பார்க்கலாம். மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் இருந்த நிலத்தைக் குறிப்பிடுகிறது. கோலார் கோலாரம்மா கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ரைஸ் துரையின் தொகுதிகளில் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். பெங்களூர் மாவட்டத் தொகுதி வெளிவந்தது 1905இல். ஆனால் அதே ஊரில் பேகூரில், ஏறக்குறைய 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நடுகல் ஒன்று ‘பெங்களூரு’ என்ற பெயரையே சொல்கிறது. பெங்களூருச் சண்டையில் மாண்டவனைப் பற்றிய கல் அது. ஹெப்பாளில் 2018இல் தோண்டும் வேலையின்போது வெளிப்பட்ட கிட்டய்யா நடுகல் அதைவிடப் பழையது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலம், ஏறக்குறைய 750. அதுவும் கன்னடம். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் தருமபுரியில் நுளம்பர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் கல் வெட்டியவர்கள் 1956இல் போட்ட மாநில எல்லையைக் கேட்டு வெட்டவில்லை. கொடை கொடுத்தவர் எந்த மொழியில் பேசினாரோ, ஆட்சி எந்த மொழியில் நடந்ததோ, படிக்கிறவர்களுக்கு எது புரியுமோ அதில் வெட்டினார்கள். தொம்மலூர்த் தமிழ்க் கல்லை வைத்துக்கொண்டு ‘இது எங்கள் ஊர்’ என்று நாம் மார் தட்டுவதும், அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் கோபப்பட்டு அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கம். இரண்டிலும் நஷ்டம் கல்லுக்கு. நாம் இங்கே வீடு கட்டி, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து வாழ்கிறோம். நம் இருப்புக்கு அத்தாட்சியாக ஒரு சோழர் காலக் கல் தேவை என்று நினைத்தால், அப்படி ஒரு கல் கிடைக்காத ஊரில் நமக்கு வாழ உரிமை இல்லை என்று ஆகிவிடாதா? அந்த வாதத்தை நாமே யார் கையிலும் கொடுக்கக் கூடாது. நம் தோட்டத்தில் கன்னடக் கல் கிடைத்து அதை நாம் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்தால், இந்த மண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை அதைவிட வேறென்ன? பையனிடம் நான் சொன்னதும் இதுதான். மாடுகளை மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவன் ஒருவன். அவன் பெயரில் பாதிதான் மிச்சம் இருக்கிறது. அந்தப் பாதியும் இப்போது உன் வீட்டார் கையில் இருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டுபிடித்த தமிழ் பிராமி நடுகல்லும் மாடு கவரும் சண்டையில் மாண்டவனைப் பற்றியதுதான். அதில் உள்ள ‘ஆகோள்’ என்ற சொல் தொல்காப்பியத்திலும் வருகிறது. அங்கேயும் இங்கேயும் சாவு ஒரே மாதிரிதான் வந்திருக்கிறது.

பக்கத்து மனைக்காரர் கிளப்பிய பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் கற்கள் காணாமல் போவதற்கு முதல் காரணம் அறியாமை அல்ல, இந்தப் பயம்தான் என்பது என் அனுபவம். சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த மாநிலத்தில் கலெக்டர் என்றால் டெபுடி கமிஷனர். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் தொல்பொருள். லைசென்ஸ் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010இல் வந்த விதியைத்தான் பலரும் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பயப்படுகிறார்கள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று முறையாக அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான். அப்படி அறிவிப்பதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குழியில் ஒரு பலகைக் கல் கிடைத்ததாலேயே உங்கள் மனை ஒரே ராத்திரியில் சின்னம் ஆகிவிடாது. மறைத்து வைப்பதில்தான் ஆபத்து. தெரிவித்துக் கையில் ரசீது வைத்திருப்பவருக்கு ஆபத்து இல்லை. நண்பரும் அப்படியே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னொரு ஆட்சேபணையும் உண்டு; அது நியாயமானது. ‘கொடுத்தால் என்ன ஆகும்? ஏதோ ஒரு கிடங்கில் தூசி படிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் இருந்தாலாவது தினம் ஒரு பூ வைப்போம்’ என்கிறார்கள். கிடங்குகளின் நிலை எனக்கும் தெரியும். மறுக்க மாட்டேன். ஆனால் கல்லைக் கொடுப்பது வேறு, செய்தியைக் கொடுப்பது வேறு. கல் எங்கே நின்றாலும் அதன் அளவும் படமும் பிரதியும் பதிவாகிவிட்டால், நாளை கல்லே உடைந்தாலும் செய்தி தப்பும். ரைஸ் காலத்தில் பார்த்துப் பதிவு செய்த எத்தனையோ பெங்களூர்க் கற்கள் இன்று அந்தந்த இடத்தில் இல்லை. ஆனால் அவற்றின் வாசகம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒற்றி மைப்படி எடுத்தார்கள். இப்போது முப்பரிமாண ஸ்கேன் வந்துவிட்டது. 1909இல் தொடங்கிய மிதிக் சொஸைட்டி இந்த நகரத்துக் கல்வெட்டுகளை அப்படி ஸ்கேன் செய்து சேர்க்கும் வேலையை 2021இலிருந்து செய்து வருகிறது. அதில் முன்னின்று உழைப்பவர்களிலும் என்ஜினியர்கள் உண்டு என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஹெப்பாள் கல்லுக்கு ஊர் மக்களும் ஆர்வலர்களும் சேர்ந்து மண்டபமே எழுப்பினார்கள். அரசாங்கம் செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அதே சமயம் கல்லை யாரும் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை.

ஆகவே, கடப்பாரை ‘டங்’கென்றால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வேலையை அந்த மூலையில் மட்டும் நிறுத்துங்கள். மேஸ்திரிக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டால் அவரும் முணுமுணுக்க மாட்டார். ஜே.சி.பி.யை அருகே விடாதீர்கள். கல்லை எடுப்பதற்கு முன் அது கிடக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து எடுங்கள். மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி தூரம், எந்தத் திசை என்று ஒரு தாளில் வரைபடம் போட்டுத் தேதி எழுதுங்கள். கூடக் கிடைக்கும் பானை ஓடு, எலும்பு, கரி எதையும் எறியாமல் தனிப் பையில் போட்டு, கிடைத்த இடத்தை அதன் மேல் எழுதி வையுங்கள். கல்லைச் சுத்தம் செய்ய ஆசிட், கம்பிப் பிரஷ், உப்புத் தாள் எதுவும் வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று பெயின்ட் அடிக்க வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் பக்தியோடு போட்டாலும் எழுத்துக்குள் படிந்து கல்லை அடைத்துவிடும். கும்பிடத் தோன்றினால் முன்னால் ஒரு விளக்கு வைத்தால் போதும். சிமென்ட் போட்டு நட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கும் வரை ‘தமிழ்’ என்றோ ‘சோழர்’ என்றோ ‘சிந்துவெளி’ என்றோ வாட்ஸப்பில் போடாதீர்கள். எழுத்தில் தெரிவித்து ரசீது வாங்குங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் குழு இருக்கிறது. இதற்கும் நாலைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழு அமைக்கலாம். தமிழும் கன்னடமும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். கன்னடம் பள்ளியில் படித்ததால் அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வரும். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை அழைத்துக்கொண்டு தொம்மலூருக்கும் பேகூருக்கும் மடிவாளாவுக்கும் போய் வரலாம். உள்ளூர்க் கன்னட நண்பர்களையும் கூட அழைத்துப் போவது இன்னும் நல்லது. நாம் தமிழ்க் கல்லை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம், அவர்கள் கன்னடக் கல்லை நமக்குப் படித்துக் காட்டுவார்கள். யார் வீட்டிலாவது கல் கிடைத்தால் டேப்பும் டார்ச்சும் கொண்டு வர நான் தயார். எழுத்தைப் படிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழத்தையும் தூரத்தையும் சரியாக அளந்து எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.